சுவரில் வந்த பெயர்

ஊர் ஊராகப் போய், கடலோர உப்புநீர் ஏரியான களப்பைப் பற்றிக் கூட்டம் வைப்பது என் வேலை. அன்றைக்குச் சிலாபத்துக்குப் பக்கத்தில், ஒரு மீனவக் கிராமத்தின் கோயில் மண்டபத்தில் கூட்டம். புத்தளத்திலிருந்து லாப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். சுவரில் சனங்களுக்குப் படம், லாப்டொப்பில் எனக்கு மட்டும் குறிப்பு. இரண்டு திரையிலும் வேறு வேறாகக் காட்ட அப்போதுதான் பழகியிருந்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

முந்தின வாரம் அந்த ஊரில் கருவாடு போடும் அக்கா ஒருவர், மெல்லிய நைலோன் நரம்பில் பின்னிய, தடைசெய்த தங்கூசி வலையைக் களப்பில் யார் யார் போடுகிறார்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தார். குஞ்சு மீன்கூட மிஞ்சுவதில்லை என்ற வயிற்றெரிச்சலில் சொன்னது.

“என்ட பேர் மட்டும் வெளிய வரக்கூடாது தங்கச்சி. அவங்ககிட்ட மீன் வாங்கித்தான் நான் கருவாடு போடுறன்.”

“ஓம் அக்கா, ஓம்” என்று தலையாட்டினேன்.

அந்தப் பக்கம் வீட்டில் தமிழ் கதைக்கிற பலர் பள்ளியில் சிங்களத்தில் படித்தவர்கள். தமிழ் எழுத்தை யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். அதனால் கூட்டம் தொடங்கும்போதே நான்தான் கேட்டுக்கொண்டேன்: “சுவர்ல வாறதைத் தமிழ் தெரிஞ்சவங்க சத்தமா வாசிங்க.”

நடுவில் புரொஜெக்டர் வயர் கழன்றது. யாரோ திருப்பிச் செருகினார்கள். அதற்குப் பிறகு லாப்டொப்பில் படம்தான் இருந்தது, குறிப்பைக் காணவில்லை. ஒரு தடவை திரும்பிச் சுவரைப் பார்த்தால் என்ன? பார்க்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே, குறிப்பு எதற்கு என்ற திமிர். வலையைப் பற்றிய படத்துக்குப் போனேன்.

பின்வரிசையில் ஒருவர் வாசிக்கத் தொடங்கினார். தங்கூசி வலை பற்றிச் சொன்னவர் என்று வாசித்து, அக்காவின் பெயரையும் வாசித்தார். பிறகு, “பெயரை வெளியே சொல்ல வேண்டாம்.” அதையும் விடவில்லை, பாவம். நான் சொன்னதைத்தானே அந்த மனிதர் செய்தார்!

ஐயோ கடவுளே! வயரைத் திருப்பிச் செருகியதில் திரை இரண்டும் மாறி, என் குறிப்பு சுவருக்குப் போயிருந்தது. லாப்டொப்பைப் படாரென்று மூடினேன். இரண்டாம் வரிசையில் இருந்த அக்கா என்னைத்தான் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். நான் மைக்கில், “மெஷின்ல ஒரு பிழை” என்றேன். வெட்கங்கெட்டவள்.

நாலு நாள் கழித்து அவரைத் தேடிப் போனேன். நல்ல வெயில். கருவாடு காயவிடும் பாய்களெல்லாம் சுருட்டியபடியே கிடந்தன. ஒருவரும் மீன் கொடுக்கவில்லையாம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அழுதேன். அவர் ஏசவில்லை.

“மெஷின் பிழையாவே இருக்கட்டும் தங்கச்சி. நான் வாயால சொன்னதை நீங்க என்னத்துக்கு எழுதினீங்க?”

தகவல் எடுத்தவள் நான்தான் என்று மேலதிகாரிக்குக் காட்டத்தான் எழுதினேன். அவரிடம் சொன்னது வேறு.

“மறந்துபோயிரும் எண்டுதான் அக்கா...”

“மறந்திருக்கலாமே” என்றார்.