காரை விழும் இடம்

“டீச்சர், ஒங்க புள்ளையா இருந்தா இந்த ரூம்ல உக்கார வைப்பியளா?”

செல்லத்தாய் கேட்ட கேள்வி இது. அப்போது நான் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. செல்லத்தாய் பீடி சுற்றுகிறவர். அவர் மகள் பேச்சி நாலாம் வகுப்பு. சாரல் அடித்த ஒரு காலையில், மகள் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஈரச் சுண்ணாம்பு வாசனை அறை முழுக்க...

அவர் பார்த்தது இதுதான். பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு காலி இடம். மேலேயிருந்து அவ்வப்போது காரை உதிரும் இடம் அது. பிள்ளைகளே பெஞ்சுகளை நகர்த்தி, சாக்பீஸால் கோடும் போட்டு வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பையனிடம், “ஏலே, அங்கன உக்காராத. அது காரை விழுத எடம்” என்று சொல்லிக்கொடுப்பார்கள். இந்த வயதில் எவ்வளவு பொறுப்பு என்று நான் பெருமைப்பட்டதுகூட உண்டு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வீட்டில் ஃபேன் கடகடவென்று சத்தம் போடும். வந்த விருந்தாளி கேட்கும்வரை அது நம் காதில் விழாது. நான் அப்படித்தான் ஆகியிருந்தேன்.

என் மகன், வாசலுக்கே வேன் வரும் தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அது செல்லத்தாய்க்கும் தெரியும்.

அன்றே ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதினேன். சில நாளில் பொறியாளர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். கூரை பளிச்சென்று இருந்தது.

காரணம் நான்தான். பள்ளிக்கு யாராவது பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் எங்களுக்கு ஒரு பழக்கம், வெள்ளையடித்துவிடுவோம். ஆண்டுவிழாவுக்கு முன்பு விரிசல் முழுக்க சிமென்ட் பூசி, மேலே இரண்டு கோட் அடித்திருந்தோம். உதிர்ந்த அந்த ஓர் இடம் மட்டும் சின்னத் தழும்பு போலத் தெரிந்தது.

பொறியாளர் நல்ல மனிதர். ஃபைலைத் திறந்து என் கையெழுத்தையே காட்டினார். ‘கட்டடம் நல்ல நிலையில் உள்ளது.’ வருடா வருடம் நானே எழுதிக் கொடுத்தது.

“நீங்களே இப்படி எழுதியிருக்கிய. நான் எதை வச்சு டீச்சர் இடிக்கச் சொல்ல?”

ஏன் அப்படி எழுதினேன்? மோசம் என்று எழுதினால் அறையைப் பூட்ட வேண்டும். பூட்டினால் வகுப்பு வராந்தாவுக்கு வரும். அதைப் பார்த்துப் பெற்றோர் டி.சி. வாங்குவார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியரை உபரி என்று வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். பள்ளியைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் வருடா வருடம் அந்த வரியை எழுதினேன்...

மறுநாள் காலை அறையைப் பூட்டினேன். அதில் இருந்த நாலையும் ஐந்தையும் சேர்த்து வராந்தாவில் உட்கார வைத்தேன். ஐந்தாம் வகுப்பு ஆறுமுகம் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். “என்னைய வீரகேரளம்புதூருக்கு அனுப்பாம விடமாட்டிய போல” என்றார். சொல்லிவிட்டு, சாரல் அடிக்காமல் இருக்க தார்ப்பாய் கட்டியதும் அவர்தான்.

இரண்டு குடும்பத்தார் டி.சி. வாங்கிப் போனார்கள். பேச்சியும் போய்விடுவாள் என்று நினைத்தேன். செல்லத்தாய் வந்தார். டி.சி. கேட்கவில்லை. “எந்தம்பி கொத்தனாருதான். பூசினதச் சொரண்டிப் பாத்துருவமா?” என்று கேட்டார்.

பொறியாளரிடம் சொன்னேன். தன் முன்னிலையிலேயே சுரண்டலாம் என்றார். ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத நேரம். செல்லத்தாயின் தம்பி சாரத்தில் ஏறி, கரண்டியால் வெள்ளையைச் சுரண்டினார். நாலைந்து இழுப்புதான். அம்மிக்கல் அளவு ஒரு துண்டு தொப்பென்று விழுந்தது. மேலே கம்பி துருப்பிடித்து ஊதிப்போய்த் தெரிந்தது.

விழுந்தது காலி இடத்தில் இல்லை. பிள்ளைகள் பத்திரம் என்று நகர்த்திப் போட்டிருந்த முன்வரிசை பெஞ்சின் மேல்.

செல்லத்தாய் முன்வரிசைப் பக்கம் வந்தார்.

“பேச்சி எதுல டீச்சர் இருப்பா?”

நான் அந்த பெஞ்சைக் காட்டினேன். செல்லத்தாய் அதன் மேல் கிடந்த தூசியை முந்தானையால் துடைத்தார். பொறியாளர் அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். பக்கத்தில் நானும் ஒரு தாள் எடுத்து எழுதினேன். ‘கட்டடம் பாதுகாப்பற்றது. இதுவரை நான் எழுதிக் கொடுத்தது தவறு.’

அதற்காக என்னிடம் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். பழைய அறையை இடித்தார்கள், ஆனால் புதிய அறைக்கான நிதி உடனே வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு கடிதம் அனுப்பினேன். பதில் வராத வாரமும் அனுப்பினேன். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியான செல்லத்தாய், பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு என்னோடு அலுவலகம் அலுவலகமாக வந்தார். புதிய அறையைத் திறந்தபோது பேச்சி எட்டாம் வகுப்பு. நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஆறுமுகம் சார் அதே பள்ளியில்தான் இருந்தார்.

இப்போது எல்லாம் செல்போனில். கழிப்பறை, சுவர், ஸ்விட்ச் பாக்ஸ், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டுமாம். வகுப்பில் பெரிய டி.வி. இருக்கிறது. சந்தையில் பார்க்கும்போது இப்போதைய எச்.எம். சிரித்துக்கொண்டே சொல்லுவார், “பாடம் நடத்த நேரம் கெடைக்க மாட்டேங்கு டீச்சர்.” வசதி கூடியிருக்கிறது, சந்தோஷம்தான். ஆனாலும் தார்ப்பாய் படபடக்க, சாரலுக்கு மேல் குரலெடுத்து நாலும் ஐந்தும் ஒன்றாக வாய்ப்பாடு சொன்ன அந்த வராந்தாவை நினைத்தால் மனது கொஞ்சம் அங்கேயே நின்றுவிடுகிறது...

படம் எடுத்து அனுப்புவது ஒரு வேலை. உண்மையை எழுதுவது வேறு வேலை. அதைத் தலைமையாசிரியர் தனியாகச் செய்யப் பயப்படுவார். நான் பயந்தேன். பக்கத்தில் ஒரு தாய் நின்றபோதுதான் எழுத முடிந்தது.

இந்த வாரம் உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் போய், “எந்த அறை உங்களுக்குப் பயமாக இருக்கிறது?” என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.