முதலாம் பக்கம் எங்கே?

போன சனிக்கிழமை வெம்பிளியில் தமிழ்க் கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தங்கச்சி, நீங்கள்தானே பேப்பரில பத்தி எழுதிறது?"

ஓம் என்றேன். அறுபது வயது மதிக்கலாம், கோட்டும் மப்ளருமாக ஒருவர். பக்கத்தில் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு அவருடைய மனைவி. பைக்குள்ளே... மரக்கறி இல்லை, நாவல்! அதுவும் இங்கிலீஷில். இங்கே உள்ள ஏஜென்ட் ஒருவருக்கு அனுப்பப் போகிறாராம். அதற்கு என்னிடம் ஒரு வாழ்த்துரை வேண்டுமாம்.

"பென்ஷன் எடுத்ததில இருந்து இவருக்கு இதுதான் விசர்" என்றார் மனைவி, பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு.

மேலே இருந்த தாளைப் பார்த்தேன். ஏஜென்டுக்கு எழுதிய கடிதம். 'சிறியேனின் முதல் முயற்சி, பிழைகள் மலிந்திருக்கும், பெரியமனது பண்ணிப் பொறுத்தருள்க' — இதை அப்படியே இங்கிலீஷில் இறக்கி வைத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"உங்களைப் பார்த்துச் சிரிக்கேல்லை அண்ணை. என்னை நினைச்சுச் சிரிச்சனான்" என்றேன்.

உண்மைதான். எண்பதுகளில் இதே கடிதத்தை நானும் எழுதியிருக்கிறேன். ஒரு தடவையா, இரண்டு தடவையா?

அப்போது நாங்கள் மனோர் பார்க்கில் இருந்தோம். கிழமை நாட்களில் கவுன்சிலில் டைப்பிஸ்ட் வேலை. சனி, ஞாயிறில் சமையல் முடிந்த குசினி மேசையில் நாவல். எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் நாவலுக்கும் தரகர் வேண்டும் என்று. ஏஜென்ட் என்பவர் வேறு யார்? கல்யாணத் தரகர்தான். அவர் கூட்டிக்கொண்டு போகாத மாப்பிள்ளையைப் பெரிய பதிப்பகங்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

லைப்ரரியில் விலாசம் தேடி ஒவ்வொருவராக அனுப்பினேன். முதல் மூன்று அத்தியாயம், கதைச்சுருக்கம், திருப்பி அனுப்ப முத்திரை ஒட்டிய உறை... அவர்கள் கேட்டது இவ்வளவுதான். கேட்டதை மட்டும் கொடுத்து நமக்குப் பழக்கம் உண்டா? கோயில் தர்மகர்த்தா ஒருவரிடம் வாங்கிய வாழ்த்துரையையும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே என் கடிதம். அவையடக்கம் சொட்டச் சொட்ட எழுதியிருந்தேன்.

நான் ஒட்டிய முத்திரை வீண் போகவில்லை. எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன.

கடைசியில் வெறுத்துப் போயிற்று. நாவலை மேசை லாச்சிக்குள் போட்டு உள்ளே தள்ளி மூடினேன். "இனி நான் எழுதமாட்டன். இது எனக்கு ஏலாத வேலை" என்று இவரிடம், என் கணவரிடம், சொன்னேன். கோபத்தில் சொன்ன கதை இல்லை. டைப்ரைட்டர் விற்பனைக்கு என்று மூலைக்கடைக் கண்ணாடியில் கார்டும் போட்டுவிட்டு வந்து, குளியலறையில் இருந்து அழுதேன்.

நாவல், சிறுகதை எதுவும் இவர் வாசிப்பதில்லை. "எல்லாம் பொய்தானே" என்பார். அப்படிப்பட்ட மனிசன் எனக்குத் தெரியாமல் லாச்சியைத் திறந்து, நான் அனுப்பாமல் விட்ட ஏஜென்ட் ஒருவரின் விலாசத்தைத் தேடிப்பிடித்து, பார்சல் கட்டியிருக்கிறார். கட்டும்போதுதான் முதல் தாளைப் பார்த்தாராம். பார்த்ததும் திடுக்கிட்டுப் போனாராம். ஏன் தெரியுமா? அதில் பிள்ளையார் சுழி இல்லை!

"அதுதான் எல்லாம் திரும்பி வந்தது" என்பது அவருடைய முடிவு. நீலப் பேனையால், தாளின் உச்சியில், வடிவாக ஒரு சுழி போட்டார். பிள்ளையாருக்கு மேலே வேறு தாள் இருக்கலாமா? கூடாதே. என் கடிதம், வாழ்த்துரை எல்லாவற்றையும் அடியில் வைத்துக் கட்டினார். தபாலில் போட்டுவிட்டு வாயே திறக்கவில்லை.

சில கிழமை கழித்து, ஒரு பின்னேரம் வேலையால் வந்து தேத்தண்ணி போடுகிறேன். போன் அடித்தது. இவர்தான் எடுத்தார். எடுத்தவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்சாரும், ஆரோ வெள்ளைக்கார மனிசி. முதலாம் பக்கத்தைக் காணேல்லையாம்."

வாங்கிக் காதில் வைத்தேன். ஏஜென்ட்! பெயரைச் சொன்னால் கோபிப்பார், மிஸிஸ் எம் என்றே வைத்துக்கொள்வோம்.

"உங்கள் நாவலில் இரண்டாம் பக்கம் இரண்டு இருக்கிறது. முதலாம் பக்கம் ஒன்றுகூட இல்லை" என்றார்.

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. முதல் தாளுக்கு நான் எண் போடுவதில்லை. அடுத்த தாளில்தான் 2 என்று அடிப்பேன். அப்படியென்றால் மற்ற 2 எங்கேயிருந்து வந்தது? இவரைப் பார்த்தேன். இவர் மேலே முகட்டைப் பார்த்தார்.

"நான்... பிள்ளையார் சுழி போட்டனான்" என்று இழுத்தார்.

ஐயோ, என்ர பிள்ளையாரே! 'உ' என்று இவர் போட்டதை அந்த அம்மா 2 என்று வாசித்திருக்கிறார்.

"ஒரு பெண் பஸ்ஸைப் பார்த்துச் செருப்பைக் கழற்றி எறிகிறாள். அதிலிருந்து தொடங்குகிறது" என்றார் மிஸிஸ் எம். "ஏன் எறிந்தாள் என்பது முதலாம் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்தேன். அது தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. அதுதான் போன் எடுத்தேன்."

"மேடம்... அதுதான் முதலாம் பக்கம். அதற்கு முன்னால் ஒன்றுமில்லை."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"நல்லது. தயவுசெய்து அதற்கு முன்னால் ஒன்றும் எழுதிவிடாதீர்கள்!"

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். அடியில் இருந்த கடிதத்தைக் கடைசியில்தான் பார்த்தாராம். "பிழைகள் மலிந்த புத்தகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதலில் வாசித்திருந்தால் நம்பியிருப்பேன். எழுதியவர் சொல்லை நான் ஏன் சந்தேகிக்கவேண்டும்?"

"அது எங்கட பக்கத்து மரியாதை, மேடம்" என்றேன்.

"இருக்கலாம். எனக்கு மரியாதை வேண்டாம், சேர்டிபிகேட் வேண்டாம். முதலாம் பக்கத்திலேயே என் கையைப் பிடித்து இழுக்க ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான்... ஒரு சந்தேகம். அந்தச் சேர்டிபிகேட்டில் ஒரு பெரியவர் உங்கள் அப்பாவை இவ்வளவு புகழ்ந்திருக்கிறாரே, நாவலை எழுதியது அப்பாவா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் எல்லாம் குரங்காய் முடிந்த பிறகு பிள்ளையார் வந்தார்.

போனை வைத்ததும் இவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மூலைக்கடைக்குப் போனார். கார்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். அந்த டைப்ரைட்டரில்தான் மிஸிஸ் எம் சொன்ன திருத்தமெல்லாம் அடித்தேன். அவரும் சலிக்காமல் கதவு கதவாகத் தட்டி, நாவலைக் கரை சேர்த்தார். ஒரு தாள் குறைகிறது என்று குப்பையில் போடாமல் போன் எடுத்தாரே, அந்த நன்றியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

போன மாதம் இரண்டாவது நாவலை அனுப்பினேன். இப்போது கொம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் வந்துவிட்டது, நானே பார்சல் கட்டினேன். மிஸிஸ் எம் போன் எடுத்தார்.

"முதல் பக்கத்தில் அந்த 2 இல்லையே... உங்கள் கணவர் சுகம்தானே?"

சுகம்தான் என்று சொல்லி, ரிசீவரை இவரிடமே கொடுத்தேன்.

முருங்கைக்காய்க்கு நடுவில் நின்று இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அண்ணை கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அப்ப வாழ்த்துரை வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். பிள்ளையார் சுழி மட்டும் போடட்டோ, தங்கச்சி?"

"போடத்தான் வேணும். ஆனா நீங்கள் போடாதேங்கோ அண்ணை. இவ்வளவு நேரமும் பையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாவே, அவவைப் போடச் சொல்லுங்கோ."