சரிவுக்காரர் வண்டியின் சிவப்பு ஒயர்

என் அக்கா கணவரை லாரி நிற்கும் இடங்களில் சரிவுக்காரர் என்றால்தான் தெரியும். அவருடைய பழைய டீசல் லாரிக்குச் சாவி பேருக்குத்தான், உருட்டிவிட்டால்தான் கிளம்பும். அதனால் போகிற இடமெல்லாம் மேடு தேடுவார். எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மழைத்தண்ணீருக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் அத்துப்படி. வீடு பிடித்ததும் அந்தக் கணக்கில்தான். குழாயில் தண்ணீர் வராத வீடு, ஆனால் வாசலில் நல்ல இறக்கம். அக்கா தெருக்கோடியிலிருந்து குடம் குடமாக மேடேறுவாள்.

அவர் வண்டி எடுக்கும் அழகே தனி. நிறுத்தும்போதே கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்திருப்பார். ஹேண்ட் பிரேக்கை அவரே நம்பமாட்டார். காலையில் படியில் நின்றபடி ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியை முழுசாகத் திருகுவார். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. பிறகுதான் உள்ளே ஏறிக் கிளட்சை மிதிப்பார். கல்லில் கட்டிய கயிற்றை அக்கா ஓரமாக நின்று இழுப்பாள். வண்டி உருளும், கிளட்சை விட்டதும் என்ஜின் பிடித்துக்கொள்ளும். அந்தத் திருகலைத் திருகாமல் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. எதற்கு மாமா இந்த வேண்டாத வேலை என்று கேட்டால், என்றைக்காவது அதுக்கு மனசு மாறாதா என்பார்.

புது பேட்டரி போட்டுப் பார்த்தார். ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்து மாட்டிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். அவர் எதையும் அப்படித்தான் விடுவார், சண்டை போடாமல். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சுமை தூக்கும் கிடங்கில்தான் அவருக்கு லோடு கிடைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பழைய வண்டியை வேறு எவரும் உள்ளே விடுவதில்லை. புதிதாக வந்த மேனேஜர், புகை உள்ளே வருகிறது என்று லோடு ஏற்றும்போது என்ஜினை அணைக்கச் சொன்னார். கிடங்கு முற்றமோ தட்டுபோல் சமதளம். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினோம். இன்னொரு முறை வம்பு வந்தால் கேட் திறக்காது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அன்றே மாமாவை எலக்ட்ரீசியனிடம் இழுத்துப்போனேன். அவர் சாவியைத் திருகச் சொல்லிவிட்டு, பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த சிவப்பு ஒயரின் மேல் கையை வைத்தார். சூடு தாங்காமல் கையை உதறினார். முதலில் மைனஸைக் கழற்றி ஒதுக்கினார். பிறகு சேஸிஸ் சட்டத்தின் ஓரமாகப் போன அந்த ஒயரை உருவி எடுத்துக் கத்தியால் கீறினார். மேலே சிவப்புத் தோல் புதுசுபோல் இருந்தது. உள்ளே செம்பு முழுக்கப் பச்சைப் பொடி. தட்டினால் மாவாகக் கொட்டியது.

"இவ்வளவு வருஷமா இதுதான் அண்ணே உங்கள உருட்ட வச்சது" என்றார் எலக்ட்ரீசியன்.

மாமா அந்தப் பொடியைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். கட்டைவிரல் தடிமனில் புது ஒயர் வந்தது. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். இரும்பில் உரசாமல் இருக்க ரப்பர் குழாய்க்குள் நுழைத்து, இரண்டு முனையையும் இறுக்கி, மைனஸைக் கடைசியாக மாட்டினார்கள். எலக்ட்ரீசியனே சீட்டில் உட்கார்ந்து சாவியைத் தொட்டார். வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. மாமா கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

நேராகக் கிடங்குக்குப் போனோம். மூட்டைகளை நாங்கள் சுமந்துவந்து பின்னால் ஏற்றுவதால், அவர் வண்டியைச் சரக்கு மேடையைப் பார்த்தே நிறுத்தி, பழக்கப்படி கியரில் போட்டுவிட்டு, என்ஜினை அணைத்தார். லோடு ஏறி முடிந்தது. மேனேஜரும் பார்க்கத்தான் வந்து நின்றார். மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படியில் ஏறி நின்றார். ஜன்னலுக்குள் கையை விட்டார். சாவியை முழுசாகத் திருகினார்.

கியரில் கிடந்த வண்டி ஒரே திருகலில் பாய்ந்தது. மேடைமேல் நின்ற ஆட்கள் சிதறி ஓடினார்கள். மாமா தொங்கிக்கொண்டே போனார். மேடையின் தூணைச் சாய்த்து, தகரக்கூரையில் பாதியைக் கீழே இறக்கிவிட்டுத்தான் என்ஜின் நின்றது. யாருக்கும் அடியில்லை. அதை நினைத்து ஆறுதல்பட என்னால் இன்றுவரை முடியவில்லை.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் காலைக் கையைப் பிடித்திருக்கலாம். "லோடு இறக்கிட்டு வண்டிய எடுத்துட்டுப் போங்க. இனிமே வராதீங்க" என்றார். இறக்கினோம். இப்போது மாமா சீட்டில் உட்கார்ந்து, கியரை எடுத்துவிட்டு, சாவியைத் திருகினார். பாவி வண்டி, உடனே கிளம்பியது.

நானும் கூடவே வந்தேன். நசுங்கிய பம்பரைச் சுவர்ப்பக்கமாக ஒட்டி வாசல் இறக்கத்தில் நிறுத்தினார். கியரில் போட்டார். இறங்கிப்போய்க் கல்லையும் அவரே வைத்தார்.

குடத்தை இடுப்பில் வைத்தபடி அக்கா மேடேறி வந்துகொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே, "புது ஒயர் என்னாச்சு? ஸ்டார்ட் ஆச்சா?" என்று கேட்டாள்.

"ஒரே திருகல்ல ஆச்சு" என்றார் மாமா.

அக்கா குடத்தை இறக்கி வைத்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. "அப்ப இனிமே மேடு பாக்க வேணாம். தண்ணி வர்ற வீடா ஒண்ணு பாக்கலாம்ல?" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பாக்கலாம்" என்றார்.