சாரலில் ஒட்டிய மேப்பிள்

மாமா, என் அப்பாவின் பெயரைக் கெடுத்தது நீங்கள்தான். அதற்கு என் ஒன்பது வயது வாயைப் பயன்படுத்திக்கொண்டீர்கள்.

குற்றாலத்தில் ஒரு விடுதி கட்டும் வேலையை நீங்கள் எடுத்திருந்தீர்கள். அக்கா புருஷன் என்று அப்பாவுக்குத் தச்சு வேலையைக் கொடுத்தீர்கள். வரவேற்பறைச் சுவர் முழுக்க மேப்பிள் பலகை. பிளைவுட் மேல் வெளிநாட்டு மரத்தைத் தாள் மாதிரிச் சீவி ஒட்டியது.

பள்ளி விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன். ஒருநாள் அப்பா ஒரு வெட்டுத்துண்டை எடுத்து ஈரத்துணியால் துடைத்துக் காட்டினார். வெளிறிக் கிடந்த மரத்தில் அலை அலையாக ரேகை எழுந்தது. இன்னொரு துண்டில் குருவிக் கண் போலப் புள்ளிகள். அம்மை போட்ட மரமா என்று கேட்டேன். அந்தப் புள்ளிக்குத்தான் விலையே என்று சிரித்தார். துடைத்த துண்டுகளை எனக்கே விளையாடக் கொடுத்துவிட்டார். சுவருக்குப் போகும் பலகைப் பக்கம் தண்ணீர்க் குவளையோடு யாரையும் அண்டவிடமாட்டார்.

சாரல் தொடங்கிவிட்டது. புதிதாகப் பூசிய சுவர் கை வைத்தால் சில்லென்றிருந்தது.

“செவரு காயல மச்சான். இப்ப ஒட்டுனா நிக்காது” என்றார் அப்பா.

“சீசனு ஒமக்காவ காத்துக்கிட்டு நிக்குமா அத்தான்? ஒட்டும்” என்றீர்கள்.

ஒட்டினார். இரண்டே வாரத்தில் மேப்பிள் முழுக்கக் கொப்புளம். விடுதி முதலாளி வந்தார். வேலையாட்கள் கூடிவிட்டார்கள். அப்பா சுவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

“ஏட்டி, ஒங்கப்பா ஈரத்துணி வச்சு பலகையத் தொடச்சாரா, இல்லியா?”

அத்தனை பெரியவர்கள் நடுவில் என்னைக் கேட்கிறார்களே என்று எனக்குப் பெருமை.

“ஆமா மாமா, நல்லா தொடச்சாங்க. அப்பதான் அலை தெரியும்.”

எந்தப் பலகை என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார். தென்காசிக்கு, வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அவர் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அசதி என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையைச் சபையில் பொய்க்காரி ஆக்கக்கூடாது என்றுதான் மனிதர் பழியை வாங்கிக்கொண்டார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருவரும் அவரை நல்ல வேலைக்கு அழைக்கவில்லை. சாகும்வரை கான்கிரீட்டுக்குப் பலகை அடித்தார். இனி நான் எதைச் சொன்னாலும் அவர் காதில் விழப்போவதில்லை.

அடுத்த மாதம் உங்களுக்கு அறுபதாம் கல்யாணம். சொந்தம் எல்லாம் வரும். மண்டபத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள் மாமா. அந்த மேப்பிளைக் கெடுத்தது என் அப்பாவின் துணியா, உங்கள் சுவரா?