சொக்லேட்டுக்குள் இருந்தது

சுவிற்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தல் எறியக்கூடாது. தெருமுனையில் அதற்கென்று ஒரு தொட்டி இருக்கிறது. போத்தல் விழுந்து உடையும் சத்தம் ஓய்வுநாளில் யாருடைய காதிலும் படக்கூடாதாம். இது தெரியாமல், வந்த புதிதில் ஒரு ஞாயிறு காலை பை நிறையப் போத்தல்களுடன் போய் நின்றேன். மேல்மாடிப் பெண்மணி ஜன்னலைத் திறந்து விரலை ஆட்டினார். என் குடியைத்தான் கண்டிக்கிறார் என்று நினைத்து, எல்லாம் வினாகிரிப் போத்தல் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். அவர் ‘சொன்டாக்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது ஜெர்மன் மொழியில் ஞாயிறு என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தரமும் ‘நைன்’, அதாவது இல்லை, என்று உறுதியாக மறுத்தேன்.

இத்தனை வருடத்தில் அந்தச் சட்டத்தை நன்றாகக் கற்றுக்கொண்டேன். ஆனால் போத்தலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பது இந்த வைகாசியில், மட்டக்களப்பில் வைத்துத்தான் தெரிந்தது.

என் தம்பி சிவா குடியை விடுவதற்காக, செங்கலடிக்கு அப்பால் வாவிக்கரையில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருந்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு குடும்பத்தார் போய், பகல் முழுவதும் கூட இருந்து சமைத்துச் சாப்பிடலாம். நான் விடுமுறையில் போயிருந்த நேரம் அந்த நாளும் வந்தது. அவன் மனைவி மாலா பஸ்ஸில் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டு வந்தாள். இந்த ஞாயிறும் பிழையில்லாமல் கழிந்தால், ஆரையம்பதியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு அவனை வீட்டுக்கு விடுவார்கள். வருடத்தில் ஒருமுறை, அந்தச் சடங்குக்கு மட்டும் கதவு திறக்கும் கோவில். போன வருடம் அதன் வாசலில் அவன் வெறியில் விழுந்து கிடந்தான். இந்த வருடம் அவன் நடந்து உள்ளே போகவேண்டும் என்று மாலா நேர்த்தி வைத்திருந்தாள்.

வருகிறவர்களின் பைகளைச் சோதிப்பது அங்கே இருப்பவர்களின் முறைவேலை. ஒளித்துக் கொண்டுவரும் வழியெல்லாம் அவர்களுக்குத்தானே தெரியும். அன்று சிவாவின் முறை. எங்கள் பையிலிருந்து நண்டு, தேங்காய், முருங்கையிலை என்று எடுத்து வைத்தவன் என் சொக்லேட் பெட்டியில் நின்றான். விமான நிலையத்தில், மேலே இருந்த மலைப்படம் அழகாயிருந்ததால் வாங்கியது. சுவிஸ் சாமான், சும்மா உள்ளே விடு என்றேன். அவன் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துப் பெருவிரலால் அழுத்தினான். உள்ளிருந்து தண்ணீர் மாதிரி ஒன்று வழிந்து மணிக்கட்டு வரை ஓடியது. மது வாசனை எனக்கே அடித்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாலா சேலைத்தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

சிவா அந்தக் கையை வேறு யாருடையதோ போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி குழாயடிக்குப் போனான். சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கழுவினான். பிறகு வந்து கேட்டான்:

“அண்ணன், நீங்க முந்தி பேப்பர் கந்தோர்ல என்ன வேல செஞ்சீங்க?”

“பிழை திருத்துறது.”

“ஆ,” என்று பெட்டியின் பின்பக்கத்தை என் முகத்துக்கு நேரே திருப்பினான். மதுசாரம் எவ்வளவு என்று அங்கே மூன்று மொழிகளில் அச்சாகியிருந்தது. இப்போது மூன்றையும் எனக்கு வாசிக்கத் தெரியும்.

வந்தவர் குடி கொண்டுவந்தால் உள்ளே இருப்பவருக்கு லீவு இல்லை என்பது அங்கத்தைய விதி. சிவா தானே பெட்டியைப் பொறுப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். பின்னேரம் முடிவு சொல்வதாக அவர் சொன்னார்.

மாலா என்னுடன் பேசவில்லை. ஒரு குவியல் வெங்காயத்தை என் முன்னால் கொட்டிவிட்டுப் போனாள். உரித்து உரித்துக் கண் சிவந்து, மூக்கும் ஒழுக உட்கார்ந்திருந்தபோது, அங்கே தங்கியிருந்த ஒருவர் வந்து என் தோளில் கைவைத்தார். “மொதல் கிழமதான் ஐயா கஷ்டம். பிறகு பழகிரும்” என்றார். நான் திருத்தவில்லை.

மற்றபடி நல்ல பகல். நண்டுக்கறிச் சாப்பாட்டுக்குப் பிறகு மரநிழலில் கரம்போட் விளையாடினோம். வாவிக் காற்று பவுடரை என் சட்டை முழுவதும் பூசியது. முன்பு வீடியோவில் பார்த்தபோது தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் நடுங்கிய சிவாவின் கை, இப்போது குறிபார்த்து என்னை ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்கடித்தது. மாலா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் பொறுப்பாளர் வந்தார். “கண்டுபிடிச்சதும் சிவா, கொண்டு வந்து தந்ததும் சிவா. அவர் சடங்குக்குப் போகலாம். அண்ணன் மட்டும் மூணு மாசத்துக்கு இஞ்ச வரப்படாது.”

மாலா அழுதாள். பிறகு காலையிலிருந்து முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினாள். “அத்தான், ஒங்களுக்குத்தான் லீவு இல்ல.”

“பயப்படாதீங்க அண்ணன்,” என்றான் சிவா. “நான் கதைச்சு ஒங்கள வெளிய எடுத்து விர்றன்.”

சடங்குக்கு முன்பே எனக்கு விமானம். இல்லத்து வாசலில் திருப்பித் தந்த பெட்டியை ஊரில் யாருக்கும் கொடுக்கத் துணிவில்லை. சூரிச் வரை என்னோடே வந்தது.

சடங்குப் படம் தொலைபேசியில் வந்தபோது நான் என் வீட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளை வேட்டியும் திருநீறுமாக, கோவில் கதவுக்கு உட்புறம் நிற்கிறான் சிவா. மாலாவின் தோள் மட்டும் ஓரத்தில் தெரிகிறது. அதைப் பார்த்தபடியே நடந்து தொட்டியடிக்கு வந்துவிட்டேன். கையில் பை நிறையப் போத்தல். மேல்மாடிப் பெண்மணியின் ஜன்னல் திறந்தது.

இப்போது என்னிடம் மொழி இருக்கிறது. தொலைபேசியைத் தூக்கிக் காட்டி, என் தம்பி, கோவிலுக்குள்ளே நிற்கிறான் என்று அவருடைய மொழியிலேயே, பிழையில்லாமல் சொன்னேன்.

“சொன்டாக்,” என்றார் அவர்.

“ஓம்,” என்றேன் தமிழில். போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடாதபடி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினேன்.