நடிப்புத் தேர்வு

எங்கள் பெண்கள் கல்லூரியின் நுழைவாயிலில், ராகிங் செய்வது சட்டப்படி குற்றம் என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். அதனால் நாடக மன்றத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு அது நடிப்புத் தேர்வு. மன்றத்தில் சேர விரும்பும் முதலாண்டுப் பெண்கள் ஒரு சனிக்கிழமை மதியம் அரங்கத்துக்குப் பின்னால் இருந்த உடை அறைக்கு வர வேண்டும். கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, மூத்தவர்கள் சொல்வதையெல்லாம் செய்யச் சொல்வார்கள்.

நான் சேர்ந்த வருடம் என்னிடம், "உங்கம்மா என்ன வேலை பண்றாங்க?" என்று கேட்டார்கள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து ராயபுரத்தில் வாடகைக்கு இருந்த குடும்பம் எங்களுடையது. அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே, தைத்து வந்த துணிகளில் கறையும் ஓட்டையும் தேடுகிற வேலை. "அப்ப அவங்க சூப்பர்வைசர்கிட்டத் திட்டு வாங்கறத நடிச்சுக் காட்டு" என்றார்கள். நடித்தேன். தலையைக் குனிந்து, விரல்களால் துணியை நீவிக்கொண்டே, அம்மாவின் ஊர்த் தமிழில் "தெரியாம விட்டுட்டேன் சார்" என்றேன். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த வருடம் நான் மன்றத்தின் துணைச் செயலாளர்.

அந்த வருடத் தேர்வுக்கு ஐந்து பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி குண்டடம் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள். எதைக் கேட்டாலும் "ஆமாங்க்கா", "இல்லீங்க்கா" என்பாள். எங்கள் செயலாளர், இறுதியாண்டு மாணவி, அவளை ஒரு நாற்காலியின் மேல் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். தலைக்கு மேல் நாடகத்துக்கான மரக் கேடயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிலை நடிப்பு என்று பெயர். நேரம் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. ஜன்னல் இல்லாத அறை; புழுக்கம். அவள் முழங்கால் நடுங்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். செயலாளரின் முகத்தையும் பார்த்தேன். அவள் "இன்னுங் கொஞ்சம்" என்று சைகை காட்டினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

நாற்காலியோடு சரிந்து விழுந்தாள். வலது மணிக்கட்டு திரும்பிக் கிடந்தது.

"படில வழுக்கி உழுந்துட்டான்னு சொல்லீரு" என்றாள் செயலாளர், என் தோளைப் பிடித்துக்கொண்டு. "நீ பேசுனா நம்புவாங்க." எனக்கு முதல் வேடம் கொடுத்தவள் அவள்தான். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் அந்தப் பெண் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் டாக்டரிடம் படியில் வழுக்கி விழுந்தாள் என்றேன். சாயங்காலம் வந்து சேர்ந்த அவளுடைய அப்பாவிடமும் படி என்றேன். அவர் வேட்டியில் செம்மண்ணோடு வயலிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார்.

"நீங்க கூட இருந்ததுனால ஆச்சுங் கண்ணு" என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "இல்லீன்னா புள்ள ஒண்டியா என்ன பண்ணியிருக்கும்?"

அவர் கூப்பிய கைகளை என்னால் பார்க்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன். வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மருத்துவமனைக்குப் போய், அவள் அப்பா டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் அந்தப் பெண்ணிடம், "நடந்தத எழுதிக் கொடுக்கப் போறேன்" என்றேன். அவள் பயந்துவிட்டாள்.

"வேண்டாங்க்கா. அப்பாவுக்குத் தெரிஞ்சா படிச்சது போதும்னு ஊட்டுல உக்கார வெச்சிருவாரு."

"உன் பேர எழுத மாட்டேன். நீ எதுவும் சொல்ல வேண்டாம். நான் பார்த்ததையும் நான் செஞ்சதையும் மட்டும் எழுதறேன்."

வேண்டாம் என்று அவள் மறுபடி சொல்லவில்லை.

அம்மாவிடமும் சொல்ல வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தால் என்னையும் கல்லூரியிலிருந்து நீக்கலாம் அல்லவா? முதல் வருடம் நான் என்ன நடித்தேன் என்பதிலிருந்தே தொடங்கினேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய வச்சா எல்லாரும் சிரிச்சிய?" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் கால் கடுக்க நிக்கது உனக்குக் கூத்தாத் தெரிஞ்சிருக்கு." மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை இரண்டு பக்கத்தில் எழுதினேன். எந்த அறை, அந்தப் பெண்ணைத் தவிர யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், எவ்வளவு நேரம், நான் எங்கே நின்றேன் எல்லாவற்றையும். டாக்டரிடம் நான் பொய் சொன்னதையும் சேர்த்தேன். மன்றத்துக்குப் பொறுப்பான ஆசிரியை படித்துவிட்டு முகம் வெளுத்தார்.

"பேர் போடாம புகார்ப் பெட்டியில போட்டிரும்மா. உனக்கு எதுக்கு வம்பு?"

"பேர் இல்லாட்டி நான் அங்க இருந்தது எப்படிங்க மேடம் தெரியும்?"

அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கி மேசை ஓரத்தில் வைத்தார் எழுத்தர். நகலில் சீல் போட்டுத் தரச் சொன்னேன். "இதுக்கெல்லாம் சீல் போடறதில்லீங்க" என்றார். "போடற வரைக்கும் நிக்கிறேங்க" என்றேன். முதல் மணி அடித்தது, இரண்டாவது அடித்தது. கால் வலிக்க வலிக்க நின்றேன். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்த முதல்வர் என்னவென்று கேட்டார். அங்கேயே நின்றபடி இரண்டு பக்கத்தையும் படித்தார். "பதிவு பண்ணி நம்பர் போட்டுக் கொடுங்க" என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு, சாப்பிடப் போகாமல் தன் அறைக்குத் திரும்பினார்.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. மன்றத்தில் என்னைத் தவிர எல்லோரும் படி என்றார்கள். செயலாளர், எனக்குத் தன் பதவிமேல் கண் என்றாள். முதலாண்டுப் பெண்களில் மற்ற நால்வரும் ஒன்றும் தெரியாது என்றார்கள். என் வார்த்தை ஒன்றே ஒன்று. குழுவில் ஒருவர், "நீ ஏம்மா அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டபோது, "கோழையா இருந்தேன் சார்" என்றேன்.

குழு கடைசியாகக் கூடிய நாளில் அந்தப் பெண் கையில் மாவுக்கட்டோடு வந்தாள். அப்பாவும் கூட வந்திருந்தார். அவளே வீட்டில் சொல்லியிருக்கிறாள். உள்ளே போய் இருபது நிமிடம் பேசினாள். வெளியே வராண்டாவில் நான் அவர் முன்னால் போய் நின்று, "பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க" என்றேன்.

"கோவந்தானுங் கண்ணு. இல்லீன்னு சொன்னா அதும் பொய்யாப் போயிரும்" என்றார். "ஆனாப் புள்ளையப் படிக்க அனுப்பறனுங்க."

செயலாளரை ஒரு பருவம் நிறுத்தி வைத்தார்கள். என்னைப் பதவியிலிருந்து நீக்கி இரண்டு வாரம் வகுப்புக்கு வரக்கூடாது என்றார்கள். சரியான தண்டனை என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். மன்றத்தை அந்த வருடம் மூடிவிட்டார்கள். அதற்கும் நான்தான் காரணம் என்று கேன்டீனில் என் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். அழுத நாட்களும் உண்டு. புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

மூன்றாம் வருடம் மன்றத்தைத் திறக்கச் சொல்லி மனு எழுதியதும் நான்தான். எனக்குப் பதவி வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதினேன். தேர்வு என்று எதுவும் இருக்கக்கூடாது; சேர்க்கை திறந்த அரங்கில், ஆசிரியை முன்னிலையில் நடக்க வேண்டும்; முதல்வரின் தொலைபேசி எண்ணைப் புதிதாக வரும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். முதல்வர் ஒப்புக்கொண்டார். கல்லூரி எலெக்ட்ரீஷியனிடம் திருப்புளி வாங்கி, உடை அறையின் உள்தாழ்ப்பாளை நானே கழற்றி அலுவலகத்தில் ஒப்படைத்தேன்.

சேர்க்கை நாளன்று அரங்க வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளகோவிலிலிருந்து வந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"ஏனுங்க்கா, சேரறதுக்கு என்ன பண்ணிக் காட்டோணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். பேர எழுதிட்டு உள்ள போய் உக்காரு."

நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள். பேனாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.