சீட் பெல்ட்டில் வெட்டிய தேதி

மாதாப்பூர் ஆபீஸ் பார்க்கிங்கில் என் மேலாளர், தான் வாங்கிய பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டினார். "இந்த மாடல் வந்த முதல் வருஷத்து வண்டி. ஒரிஜினல்!" சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். தயாரிப்புத் தேதி அச்சிட்ட துணிச்சீட்டை யாரோ வெட்டியிருந்தார்கள்.

சின்ன வயதில் இருந்த திருமுல்கேரி வீட்டு ஷெட்டின் பெயிண்ட் தின்னர் நெடி நினைவில் வந்து மூக்கில் ஏறியது. பெரியப்பா அங்கே இதே வேலையைத்தான் செய்தார். அம்மாவின் தையல் கத்தரிக்கோலால் சீட்டை வெட்டுவார். பழைய வருஷம் பொறித்த புதுத் தகட்டில் பழசாகத் தெரிய டீத்தூளும் சாம்பலும் தேய்ப்பார். வாயில் ஞானப்பாட்டு வேறு.

ஒருநாள் கார் வாங்க வந்த ரிட்டயர்டு மேஜர் தயங்கினார்.

"ஹவ் சார், ஆமா, பைபிள் மேல சத்தியம், ஒரிஜினல்" என்றார் பெரியப்பா.

பத்து வயதான நான் பொறுக்காமல், "பொய்! நேத்துதான் தகடு மாத்தினாங்க" என்றேன்.

பெரியப்பா என்னை அறைந்தார். மேஜரோ சிரித்தார். "என் ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரியாதுல்ல? அது போதும்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அறையைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"சார், இதை வெட்டினதே தேதியை மறைக்கத்தான்" என்றேன் மேலாளரிடம்.

அவர் முகம் சுருங்கியது. "மெதுவா பேசுங்க, டீம்ல எல்லாரும் வர்றாங்க" என்று பெல்ட்டை உள்ளே தள்ளிவிட்டு, வந்தவர்களிடம் வண்டியைக் காட்டினார்: "முதல் வருஷத்து வண்டி!"